பல் பயமும் மயக்கச் செலவும்: கிளினிக்கில் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது?

தூங்கி எழுவதற்குள் பல் வேலை முடிந்துவிடும் என்கிற மாதிரி விளம்பரங்கள் கோலாலம்பூர்க்காரர்களின் ஃபேஸ்புக், டிக்டாக் பக்கங்களில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் பல் டாக்டர் பக்கமே போகாமல் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். போன் போட்டு விலை கேட்டால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு கிளினிக் சில நூறு ரிங்கிட் என்கிறது. இன்னொன்று சில ஆயிரம் என்கிறது. மூன்றாவது, முதலில் நேரில் வாருங்கள் என்பதோடு சரி.

மூவருமே பொய் சொல்லவில்லை. மயக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் நான்கு வேறு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றில் உங்களுக்கு எது வேண்டும் என்பது பயத்தின் வகையைப் பொறுத்தது. பலருக்கு நான்கில் ஒன்றுகூடத் தேவைப்படாது.

பயம் எப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது

பயம் இருப்பவர் சின்னச் சொத்தையைத் தள்ளிப்போடுகிறார். கிராம்பு வைத்துக் கடிக்கிறார், பனடோல் போடுகிறார். கிராம்பில் உள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்வது உண்மைதான். பல் டாக்டர்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறார்கள். ஆனால் அது சொத்தையை நிறுத்தாது. ஒரு நாள் வலி தானாக அடங்கும். சரியாகிவிட்டது என்று நினைப்போம். பல நேரங்களில் பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்துக் கன்னம் வீங்கும்போது, இரவோடு இரவாக டாக்டரைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

அப்போது நடப்பதுதான் முக்கியம். மரப்பு ஊசியில் உள்ள லிக்னோகெயின், நரம்பின் சவ்வைக் கடந்து உள்ளே போனால்தான் வேலை செய்யும். மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகள் மட்டுமே அப்படிக் கடக்க முடியும். ஆரோக்கியமான திசுவில் மருந்தின் ஏறக்குறைய கால்வாசி அந்த நிலையில் இருக்கும். சீழ் பிடித்து வீங்கிய திசு அமிலத்தன்மை கொண்டது. அங்கே அந்தக் கால்வாசி சில சதவீதமாகச் சுருங்கிவிடும். அதே ஊசி, அதே அளவு, ஆனால் சரியாக மரக்காது. பயந்து தள்ளிப்போட்டவர், ஊசி மிக மோசமாக வேலை செய்யும் நாளில் போய் உட்காருகிறார். வலிக்கிறது. "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று மனம் முத்திரை குத்திவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கதை புரிந்துவிடும்: அந்த அனுபவத்தில் கோளாறு ஊசியிலும் இல்லை, உங்கள் உடம்பிலும் இல்லை, போன நேரத்தில் இருந்தது. நல்ல டாக்டர் அந்த நிலையிலும் சீழை முதலில் வடித்தோ, வீக்கத்துக்குத் தள்ளி நரம்பின் வேறு இடத்தில் ஊசி போட்டோ, ஆர்ட்டிகெயின் போன்ற வேறு மருந்தைப் பயன்படுத்தியோ சமாளிப்பார்.

இன்னொரு சங்கதி. மரப்பு ஊசியில் பெரும்பாலும் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அதே இடத்தில் நிறுத்தி வைக்க அது தேவை. அது இரத்தத்தில் கொஞ்சம் கலந்தால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஏற்கெனவே பயந்தவர் இதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார். ஊசி போடும் முன்பே "கொஞ்ச நேரம் படபடப்பு இருக்கும், தானாக அடங்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் இந்தப் பிரச்சினை பாதியாகிவிடும். சொல்லாவிட்டால் நாமே கேட்கலாம்.

எவ்வளவு பயம், எதைக் கண்டு பயம்

பயத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1969-இல் நார்மன் கோரா உருவாக்கிய அளவுகோலைத் திருத்தி 1995-இல் வந்தது அது. ஐந்தே கேள்விகள்: நாளை பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தால், பல்லைக் குடையப் போகிறார்கள் என்றால், பல்லைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால், மேல் கடைவாய்ப் பல்லின் ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால், உங்களுக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான பயம்.

மொத்தத்தைவிட எந்தக் கேள்வியில் எண் ஏறுகிறது என்பதுதான் எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. ஊசிக் கேள்வியில் மட்டும் 5 போட்டவரின் தேவையும், காத்திருக்கும் அறையிலேயே 5 போட்டவரின் தேவையும் ஒன்றல்ல. முன்னவருக்கு ஊசியை எப்படிப் போடுவது என்பதை மாற்றினாலே போதும். இந்த ஐந்து கேள்விகளில் சிக்காத பயங்களும் உண்டு. வாயில் எதை வைத்தாலும் குமட்டும் சிலருக்கு. மூச்சு முட்டிவிடும் என்று சிலருக்கு. இரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுபவர்கள் தனி ரகம்: அவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று இறங்குகிறது, அதனால் கால், கைத் தசைகளை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை ஏற்றும் பயிற்சி உதவும். மற்றவர்களுக்குச் சொல்லும் "உடம்பைத் தளர்த்துங்கள்" என்ற அறிவுரை இவர்களுக்கு எதிர்விளைவைத்தான் தரும்.

அப்புறம், நம் ஆட்களிடம் நிறைய இருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: வெட்கம். "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்ற கேள்விக்குப் பயந்தே போகாதவர்கள் ஏராளம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திப் பல் தாதி பார்த்த நாட்களிலிருந்து அந்த உணர்வு சிலருக்குத் தொடர்கிறது. பள்ளிப் பல் சேவை இந்த நாட்டில் பழையது. நியூசிலாந்து முறையைப் பின்பற்றிப் பினாங்கில் 1949-இல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பற்களைக் காத்த சேவை அது. அந்த நாற்காலியில் அரண்டுபோன சில பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது.

மயக்கம் இல்லாமலே என்ன செய்யலாம்

1. முதல் சந்திப்பில் சிகிச்சை வேண்டாம், பேச்சும் எக்ஸ்ரேயும் மட்டும் போதும் என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் கவுண்ட்டரிலேயே "சாயா தாக்குட்" (எனக்குப் பயமாக இருக்கிறது) என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். தினமும் கேட்கிற வார்த்தைதான் அது.

2. இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். ஆரம்பத்திலேயே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். டாக்டர் உடனே நிறுத்துகிறாரா என்று தெரிந்துவிடும். நிறுத்தாதவரிடம் திரும்பப் போக வேண்டாம்.

3. ஊசிக்கு முன் ஈறில் மரப்பு ஜெல் தடவச் சொல்லுங்கள். அது வேலை செய்ய ஓரிரு நிமிடம் ஆகும். தடவியவுடன் குத்தினால் பயனில்லை. ஊசி வலிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், மருந்து வேகமாக உள்ளே தள்ளப்படும் அழுத்தம். "மெதுவாகப் போடுங்கள்" என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

4. காலை முதல் நேரத்தை எடுங்கள். நாள் முழுக்கக் கவலைப்பட நேரம் கிடைக்காது. வெறும் வயிற்றில் போகாதீர்கள்; கெட்டிக் கோப்பியும் வேண்டாம், அது படபடப்பைக் கூட்டும். (இது மரப்பு ஊசிக்கு மட்டும். மயக்கம் என்றால் விதி வேறு, கீழே பாருங்கள்.)

மயக்கத்தின் நான்கு படிகள்

1. சிரிப்பு வாயு. நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு கலந்து மூக்கில் வைக்கும் சிறு மூடி வழியாகக் கொடுப்பார்கள். சில நிமிடங்களில் உடம்பு லேசாகும், கவலை தள்ளி நிற்கும். நினைவு இருக்கும், பேசலாம். நிறுத்தி ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். 1844-இல் அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் இந்த வாயுவை இழுத்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். பல் சிகிச்சையில் மயக்கத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. மூக்கடைப்பு இருந்தால் இது வேலை செய்யாது.

2. மாத்திரை. டயசிபாம், மிடசோலாம் வகை மருந்துகள். செலவு குறைவு. ஆனால் வயிற்றில் எவ்வளவு வேகமாகக் கரையும் என்று சொல்ல முடியாது, போட்ட பிறகு அளவைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. இவை சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். வீட்டில் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போவது நிஜமாகவே ஆபத்தான வேலை: டாக்டருக்குத் தெரியாமல் இரண்டாவது மருந்து உள்ளே போகலாம்.

3. நரம்பு வழி மயக்கம். கையில் உள்ள இரத்தக் குழாயில் ஊசி குத்தி மிடசோலாமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலையிலேயே இருப்பீர்கள். ஆனால் பிறகு பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. அதனால்தான் பலர் 'தூங்கிவிட்டேன்' என்கிறார்கள். தேவைப்பட்டால் முறிக்க ஃபுளுமசெனில் என்ற எதிர்மருந்து உண்டு. புரொப்போஃபால் போன்ற மருந்தோடு இன்னும் ஆழமாகப் போனால் தனியாக மயக்க மருத்துவர் வேண்டும்.

4. முழு மயக்கம். ஆபரேஷன் தியேட்டர், மூச்சுக்குழாய், மயக்க மருத்துவர், சில நேரம் ஓர் இரவு தங்கல். எலும்புக்குள் புதைந்த நான்கு ஞானப்பற்களை ஒரே நேரத்தில் எடுப்பது போன்ற வேலைக்கு இது பொருந்தும். ஒரு சொத்தை அடைக்க இது அளவுக்கு மீறியது.

விளம்பரங்கள் சொல்லாத ஒரு விஷயம்: முதல் மூன்று படிகளிலும் மரப்பு ஊசி போடப்படும். மயக்கம் பயத்தைக் குறைக்கிறது. வலியை நிறுத்துவது அந்த ஊசிதான். ஊசியே வேண்டாம் என்று நினைத்துப் பணம் கட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கட்டுவது நல்லது.

பணம் எங்கே போகிறது

மிடசோலாம் விலை உயர்ந்த மருந்தல்ல. பில்லில் ஏறுவது மருந்து அல்ல, ஆட்களும் நேரமும். சிகிச்சை செய்யும் டாக்டரின் கண் வாய்க்குள் இருக்கும். அதனால் உங்கள் மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் பார்க்க மட்டுமே பயிற்சி பெற்ற இன்னொருவர் அறையில் நிற்க வேண்டும். மயக்க மருத்துவர் வந்தால் அவர் கட்டணம் தனி, பெரும்பாலும் நேரக் கணக்கில். முன்கூட்டிய உடல் பரிசோதனை, அவசரக் கருவிகள், தெளியும் வரை படுக்க ஓர் இடம், அந்த நேரத்தில் கிளினிக் பார்க்க முடியாத மற்ற நோயாளிகள், எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தொகை.

தோராயமாகச் சொன்னால், தனியார் கிளினிக்கில் சிரிப்பு வாயு சிகிச்சைக் கட்டணத்தின் மேல் சில நூறு ரிங்கிட் கூட்டும். நரம்பு வழி மயக்கம் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தொடும், தாண்டும். தனியார் மருத்துவமனையில் முழு மயக்கம் பல ஆயிரம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 ரிங்கிட் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முறை நரம்பு வழி மயக்கம் என்பது பலருக்கு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, மயக்கத்துக்கான ஆட்களும் ஏற்பாடும் ஒவ்வொரு அமர்வுக்கும் தேவைப்படுவதால், நான்கு அடைப்பையும் ஒரு பிடுங்கலையும் ஒரே அமர்வில் முடித்தால் அந்தச் செலவு ஒரு முறைதான். தனித்தனியாகப் போனால் ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும். இரண்டு, வழக்கத்துக்கு மாறாக மலிவாக இருந்தால் எதைக் குறைத்தார்கள் என்று கேட்க வேண்டும். மருந்தில் குறைக்க ஒன்றுமில்லை. குறைத்திருந்தால் உங்களைக் கவனிக்கும் அந்த இரண்டாவது ஆளைத்தான் குறைத்திருப்பார்கள்.

வீட்டில் வந்து பல் கட்டும், கம்பி மாட்டும் போலி ஆட்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2018 பல் மருத்துவச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தபின், பதிவில்லாமல் தொழில் செய்பவருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். டாக்டரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றப் பதிவில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

குறைந்த செலவு வழிகள்

அரசாங்கப் பல் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குப் பதிவும் பிடுங்கலும் ஓரிரண்டு ரிங்கிட்டில் முடியும். சாதாரணக் கிளினிக்குகளில் பெரும்பாலும் மரப்பு ஊசி மட்டும்தான். மயக்கம் தேவைப்பட்டால் மருத்துவமனையின் வாய், முக அறுவைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அங்கே வரிசை நீளம். குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், சிக்கலான அறுவைகள் முன்னே போவது நியாயமும்கூட. பயம் மட்டுமே காரணம் என்றால் பொறுமை வேண்டும்.

நடுவில் ஒரு வழி, பல் மருத்துவக் கல்லூரிகள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்தின் ராஜா மூடா அப்துல் அசிஸ் சாலை வளாகத்திலும், வடக்கே இருப்பவர்களுக்குக் கெடாவின் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவத் துறைகள் இருக்கின்றன. மாணவர்கள் செய்யும் சிகிச்சை மெதுவாக நடக்கும், ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் வந்து பார்ப்பார். பயந்தவருக்கு அந்த மெதுவே ஒரு வசதிதான். அரை நாள் உட்காரத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை

மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். நரம்பு வழி மயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் முன்பு பொதுவாக ஆறு மணி நேரம் உணவு கூடாது, இரண்டு மணி நேரம் தண்ணீரும் கூடாது. தே தாரிக்கில் பால் இருப்பதால் அது உணவுக் கணக்கில்தான் வரும். "தண்ணிதானே குடிச்சேன்" என்ற வாதம் எடுபடாது. இப்படிப் பட்டினி கிடக்கும் காலையில் வழக்கமான இன்சுலினையோ மாத்திரையையோ போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

சிரிப்பு வாயு உடம்பில் உள்ள பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். ஆரோக்கியமானவருக்கு ஒரு சிறு அமர்வால் பிரச்சினை வருவது அரிது. ஆனால் நீண்டகாலச் சைவ உணவுக்காரர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். இரண்டும் பொருந்துபவர்கள் நம் குடும்பங்களில் குறைவில்லை. டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கர்ப்பமா என்பதையும், பலமாகக் குறட்டை விடுவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் உள்ளவருக்கு மயக்கத்தில் சுவாசம் எளிதில் தடைபடும்.

நரம்பு வழி மயக்கத்துக்குப் பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிப்போகப் பெரியவர் ஒருவர் வேண்டும். கிராப் டிரைவர் அந்தப் பெரியவர் கணக்கில் சேர மாட்டார்.

அடுத்த முறை என்ன?

மயக்கம் அன்றைய வேலையை முடித்துக் கொடுக்கும். நினைவே இல்லாததால், பயம் தவறு என்று மனம் கற்றுக்கொள்ள வாய்ப்பும் இருக்காது. அடுத்த சொத்தைக்கு மறுபடி அதே பயம், அதே பில். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பல் உளவியல் பிரிவு, பல் பயம் கொண்ட 130 பேருக்குச் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை கொடுத்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. 79 சதவீதம் பேர் மயக்கமே இல்லாமல் பல் சிகிச்சையை முடித்தார்கள். 6 சதவீதம் பேருக்குத்தான் மயக்கம் தேவைப்பட்டது. மனத்தில் ஓடும் கணிப்பைச் சொல்லவைத்து, சின்னச் சின்னப் படியாக நேரில் சோதித்துப் பார்ப்பதுதான் அதன் முறை.

இங்கே தனியார் உளவியலாளரிடம் ஓர் அமர்வு மலிவல்ல. அப்படியும் சில அமர்வுகளின் செலவை, வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கட்டப்போகும் மயக்கக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கணக்கு வேறு மாதிரி தெரியும். என் கருத்தில், அவசர வேலை இருந்தால் அதை மயக்கத்தில் முடித்துவிட்டு, வலியில்லாத காலத்தில் பயத்தின் மேல் வேலை செய்வதுதான் பொருத்தமான வரிசை.

கட்டும் முன்பும் கட்டிய பின்பும்

போனில் இந்த நான்கையும் கேளுங்கள்:

1. நான்கு வகையில் எது? மருந்தின் பெயர் என்ன?
2. என்னைக் கண்காணிக்க மட்டும் தனியாக ஒருவர் இருப்பாரா? அவர் யார்?
3. சொன்ன தொகையில் சிகிச்சை, எக்ஸ்ரே, மயக்க மருத்துவர், மருந்து எல்லாம் அடக்கமா? நேரம் நீண்டால் கூடுமா?
4. அன்றைக்கு முடியாமல் நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?

நான்காவதற்குப் பதில் சொல்லத் தடுமாறும் கிளினிக்கில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

மருத்துவக் காப்புறுதி அட்டைகள் பெரும்பாலும் விபத்தைத் தவிர மற்ற பல் சிகிச்சைக்குப் பணம் தராது. கம்பெனியில் பல் அலவன்ஸ் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். பல் டாக்டர் கொடுக்கும் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வேலைச் சட்டப்படி செல்லும், டாக்டர் எம்.சி. மட்டும்தான் செல்லும் என்று சொல்லும் மேற்பார்வையாளரிடம் 1955 வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவைக் காட்டலாம். 2024 வரி ஆண்டிலிருந்து பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. மருத்துவச் செலவுக்கான 10,000 ரிங்கிட் மொத்த வரம்புக்குள் அது அடங்கும். ரசீதில் பதிவுபெற்ற பல் டாக்டரின் பெயர் இருக்கிறதா என்று கவுண்ட்டரை விட்டு நகரும் முன்பே பார்த்துவிடுங்கள்.